நாலே நாலு குரலில் ஒரு முழுப்பாட்டு... பழைய கேம்பாயில் சிப்டியூன் கவர் எப்படி உருவாகுது?

ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போகும்போது திடீரென்று ஒரு வீடியோ. பழுப்பேறிப்போன, செங்கல் சைஸில் ஒரு டப்பா. அதில் பச்சையும் சாம்பலும் கலந்த குட்டி ஸ்க்ரீன். அதிலிருந்து உங்களுக்கு நல்லாவே தெரிந்த ஒரு பாட்டு வருகிறது. பாடகர் இல்லை, வயலின் இல்லை, தபேலா இல்லை. மரியோ காசு பொறுக்கும்போது கேட்குமே, அந்தக் குரலிலேயே மொத்தப் பாட்டும் ஓடுகிறது. கமென்ட்டில் பாதிப் பேர் 'என் சைல்ட்ஹுட்' என்று உருகியிருப்பார்கள். மீதிப் பேர் 'எந்த ஆப் ப்ரோ?' என்று கேட்டிருப்பார்கள்.

அந்த இரண்டாவது கேள்வியில்தான் ஒரு வில்லங்கம் இருக்கிறது.

'8 பிட் வெர்ஷன்' என்ற பெயரில் நெட்டில் கிடக்கும் பாட்டுகளில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, பாட்டின் மிடி ஃபைலை எடுத்து ஒரு சாஃப்ட்வேரில் கொட்டினால், இரண்டே நிமிடத்தில் எல்லா வாத்தியமும் 'பீப் பீப்' ஆகி வெளியே வந்து விழும். கிட்டத்தட்ட போட்டோவுக்கு ஃபில்டர் போடுகிற வேலை. இன்னொன்று, நிஜமான பழைய கேம் மெஷினை வைத்துக்கொண்டு, அதன் சிப்பால் எத்தனை ஓசை எழுப்ப முடியுமோ அத்தனைக்குள் அந்தப் பாட்டை முதலிலிருந்து எழுதுவது. அதற்கு நாள் கணக்கில் ஆகும், சிலருக்கு வாரக் கணக்கிலும் ஆகும். தம்ப்நெயிலில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். காதில் விழும்போது கதையே வேறு. நாம் பார்க்கப்போவது இரண்டாவதை.

டெட்ரிஸே ஒரு கவர்தான் பாஸ்!

கேம் மெஷினில் ஊர் பாட்டை வாசிப்பது ஏதோ நேற்று யூடியூப்காரர்கள் கண்டுபிடித்த விஷயம் இல்லை. நின்டெண்டோ 1989-ல் கேம்பாயை வெளியிட்டது. அதோடு உலகம் முழுக்கப் போன கேம் டெட்ரிஸ். 'டெட்ரிஸ் மியூசிக்' என்று எல்லோரும் முணுமுணுப்பார்களே, அந்த மெட்டு நின்டெண்டோ போட்டதே இல்லை. அது 'கொரோபெய்னிகி' என்ற ரஷ்ய நாட்டுப்பாட்டு. நெக்ராசோவ் என்ற கவிஞர் 1861-ல் எழுதிய கவிதையிலிருந்து வந்தது, ஊர் ஊராகப் போய்ச் சரக்கு விற்கும் வியாபாரிகளைப் பற்றியது. அதே கேமில் 'சி' டைப் மியூசிக்கைத் தேர்ந்தெடுத்தால் வருவது பாஹ் எழுதிய ஒரு நடனத் துண்டு. இவற்றைக் கேம்பாய்க்கு ஏற்றபடி அமைத்தவர் ஹிரோகாசு தனாகா என்ற ஜப்பானிய இசையமைப்பாளர்.

ஒரு கிராமமே கூடிப் பாடுகிற பாட்டை அந்தச் சின்ன டப்பாவுக்குள் அவர் எப்படி நுழைத்தார் என்பதுதான் இன்றைக்குக் கேம்பாயில் சினிமாப் பாட்டைக் கவர் செய்பவரின் பிரச்னையும்.

டப்பாக்குள்ளே யார் பாடுறா?

உங்கள் போனில் ஓடும் எம்பி3, ஏற்கெனவே சமைத்து டப்பாவில் அடைத்த பார்சல் சாப்பாடு. திறந்தால் போதும். பழைய கேம் மெஷினில் பார்சல் வைக்க இடம் கிடையாது. அதனால் சமையல் குறிப்பை மட்டும் வைத்திருக்கும். 'இந்த ஸ்வரம், இவ்வளவு நேரம், இவ்வளவு சத்தமாக' என்று. அதைப் பார்த்து சிப் அந்தக் கணத்தில் சமைத்துப் பரிமாறும். கேட்கும் ஒவ்வொரு முறையும் ஃப்ரெஷ்ஷாக உருவாகிற ஓசை அது.

இது நமக்குப் புதுசு இல்லை. நோக்கியா 3310-ல் 'கம்போஸர்' என்று ஒன்று இருந்தது. வீட்டில் அண்ணனோ சித்தப்பாவோ உட்கார்ந்து, பட்டனைத் தட்டித் தட்டிச் சினிமாப் பாட்டை ரிங்டோனாக ஏற்றியிருப்பார்கள். கேட்டுப் பாருங்கள், அதற்காகப் பட்ட பாட்டைச் சொல்வார்கள். அது ஒரே குரல் கொண்ட சிப்டியூன் கவர். பேஸ் இல்லை, தாளம் இல்லை, மெட்டு மட்டும்தான். ஆனாலும் பஸ்ஸில் அந்த ரிங்டோன் அடித்தால் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

கேம்பாயில் நாலு குரல். முதல் இரண்டும் 'பல்ஸ்' எனப்படும் குரல்கள். ஸ்விட்சைப் போட்டு அணைப்பதுபோல மின்சாரம் மேலே, கீழே என்று துடிக்கும். ஒரு துடிப்பில் எவ்வளவு நேரம் 'ஆன்' என்பதை 12.5, 25, 50, 75 சதவிகிதம் என்று நாலு விதமாக மாற்றலாம். 50 வைத்தால் உருண்டையாக, கொஞ்சம் உள்ளே காலியான மாதிரி கேட்கும். 12.5 வைத்தால் மூக்கால் பாடுவது போல மெலிந்து, கூராக வரும். 25-க்கும் 75-க்கும் காதுக்கு வித்தியாசமே தெரியாது. ஆக, கையில் இருப்பது நாலு அல்ல, மூன்று நிறம்.

மூன்றாவது குரல்தான் சுவாரஸ்யம். 32 புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு புள்ளியையும் 16 உயரங்களில் ஒன்றில் வைத்து, அலையை நீங்களே வரைந்துகொள்ளலாம். கோலம் போடுகிற மாதிரிதான். வளைவாக வரைந்தால் மெத்தென்ற பேஸ். பல் பல்லாக வரைந்தால் கரகரப்பு. இந்தக் குரலால் பல்ஸை விட ஒரு ஸ்தாயி கீழே இறங்கவும் முடியும். அதனால் பெரும்பாலானவர்கள் பேஸை இதற்குத்தான் கொடுப்பார்கள். நாலாவது குரல் வெறும் இரைச்சல். 'ஸ்ஸ்', 'டிஷ்'. தாளத்துக்கு அதுதான்.

அவ்ளோதான். மெட்டு பாட வேறு யாரும் கிடையாது.

டிவியில் மாட்டி விளையாடிய மெஷினின் கணக்கு கொஞ்சம் வேறு. நின்டெண்டோவின் ஃபேமிகாம் 1983-ல் வந்தது. அதில் இரண்டு பல்ஸ், ஒரு முக்கோண அலை, ஓர் இரைச்சல், அதோடு குட்டிக் குட்டி ஒலித்துண்டுகளை வாசிக்கும் ஒரு குரல். முக்கோணத்துக்குச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியே இல்லை. பாடினால் முழுசாகப் பாடும், இல்லையென்றால் வாயை மூடிக்கொள்ளும். 1982-ல் வந்த கமடோர் 64 கம்ப்யூட்டரில் மூன்றே குரல்தான். ஆனால், பாப் யானஸ் வடிவமைத்த அதன் 'சிட்' சிப்பில் ஃபில்டர் இருந்ததால் சின்தசைஸர் மாதிரியே வளையும். அது தனி உலகம், இன்னொரு நாள் பேசலாம்.

90ஸ் கிட்ஸுக்கு ஒரு சின்ன அதிர்ச்சித் தகவல். நம்மூர் வீடுகளில் 'டிவி வீடியோ கேம்' என்று மஞ்சள் கேட்ரிட்ஜும் '9999 இன் 1' ஸ்டிக்கருமாக ஓடியவற்றில் பெரும்பாலானவை ஃபேமிகாமின் நகல்கள். அந்த நகல் சிப்கள் பலவற்றில் 25, 50 சதவிகித பல்ஸ்கள் இடம் மாறிக் கிடந்தன. அதாவது, உருண்டையாக வரவேண்டிய குரல் கூராகவும், கூராக வரவேண்டியது உருண்டையாகவும் வந்திருக்கும். நாம் 'மரியோ சவுண்ட்' என்று மனதில் வைத்திருப்பது ஜப்பான்காரர் கேட்டதே அல்லாமல் இருக்கலாம். நகல் மெஷினில் வளர்ந்த ஒருவர் இன்று அசல் மெஷினில் கவர் செய்தால், 'என்னமோ இடிக்குதே' என்று தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

யாரை வெளியே அனுப்புறது?

உங்களுக்குப் பிடித்த பழைய மெலடி ஒன்றை மனதில் ஓடவிடுங்கள். பாடகர், பாடகி, கோரஸ், வயலின் கூட்டம், புல்லாங்குழல், கிட்டார், பேஸ் கிட்டார், கீபோர்டு, தபேலா, டிரம்ஸ். இப்போது நாலு நாற்காலி மட்டும் போட்டு இவர்களை உட்காரச் சொல்லுங்கள்.

மெட்டுக்கு ஒரு நாற்காலி. பேஸுக்கு ஒன்று. தாளத்துக்கு ஒன்று. மிச்சம் ஒரே ஒரு நாற்காலி. அதில்தான் கார்டு, கோரஸ், வயலின், குழல் எல்லோரும் மாறி மாறி உட்கார வேண்டும். கவர் செய்பவரின் மொத்தத் திறமையும் இந்த நாலாவது நாற்காலியை எப்படிப் பங்கிடுகிறார் என்பதில் வந்து நிற்கிறது.

பாட்டின் உயிர் எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். எப்போதும் மெட்டில்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. சில பாட்டுகளில் பல்லவிக்கு முன்னால் வரும் நாலு நொடி கிட்டாரை விட்டுவிட்டால் யாரும் மன்னிக்க மாட்டார்கள். இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிட்டார் கீழே தனியாக இன்னொரு மெட்டே பாடிக்கொண்டிருக்கும். அதைத் தட்டையாக 'டும் டும்' என்று வைத்தால், மேலே மெட்டு நூறு சதவிகிதம் சரியாக இருந்தாலும் பாட்டு செத்துப்போகும். குத்துப்பாட்டில் நிலைமை தலைகீழ். மெட்டு நாலே ஸ்வரம்தான், அடிதான் பாட்டு. அங்கே இரண்டு குரலைக்கூடத் தாளத்துக்குக் கொடுக்கலாம். மிடி ஃபைலைக் கொட்டி எடுக்கும் சாஃப்ட்வேருக்கு இந்தக் கவலையே வராது. அது யாரையும் வெளியே அனுப்புவதில்லை. 15 வாத்தியத்தையும் 15 பீப் ஆக்கி, எல்லோரையும் ஒரே ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடும்.

இருக்கிற குரல்களைப் பெருக்கிக் காட்டப் பழைய கேம் இசைக்காரர்கள் சில கில்லாடி வேலைகள் செய்தார்கள். இன்றைய கவர்களும் அவற்றை வைத்துத்தான் பிழைக்கின்றன.

முதல் வேலை, ஆர்பெஜியோ. ஒரு கார்டு என்றால் மூன்று ஸ்வரம் சேர்ந்து ஒலிக்க வேண்டும். மூன்று குரல் செலவழிக்க முடியாது. அதனால் ஒரே குரலை ச, க, ப, ச, க, ப என்று அசுர வேகத்தில் சுழல விடுவார்கள். கேமின் ஸ்க்ரீன் ஒரு நொடிக்குச் சுமார் 60 முறை மாறும். அந்த வேகத்திலேயே ஸ்வரமும் மாறினால், மூன்று ஸ்வரமும் நொடிக்கு 20 சுற்று வரும். காதால் தனித்தனியாகப் பிரிக்க முடியாமல், மினுமினுக்கும் ஒரு கார்டாகவே கேட்கும். 'சிப்டியூன்னாலே இப்படி வண்டு மாதிரி அதிருமே' என்று நாம் சொல்கிற அந்த அடையாளச் சத்தம், இடமில்லாக் கொடுமையில் பிறந்தது.

இரண்டாவது, எதிரொலி. சிப்பில் எக்கோ வசதி கிடையாது. மெட்டை ஒரு பல்ஸில் பாடவிட்டு, கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் மெதுவான சத்தத்தில் அதையே இன்னொரு பல்ஸில் பாடவிட்டால் பெரிய ஹாலில் பாடுவது போல இருக்கும். இன்னொரு பல்ஸ் காலியாக இல்லையா? மெட்டின் இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே இடைவெளி வரும் இடத்தில், அதற்கு முந்தைய ஸ்வரத்தை மெல்லச் செருகிவிடுவார்கள். ஒரே குரல் பாடவும் செய்யும், தனக்குத்தானே எதிரொலிக்கவும் செய்யும்.

மூன்றாவது எனக்கு ரொம்பப் பிடித்தது. கிக் டிரம்மின் 'டும்' வேண்டும். இரைச்சல் குரலில் அந்தக் கனம் வராது. அதனால் பேஸ் வாசித்துக்கொண்டிருக்கும் குரலையே ஒரு கண் சிமிட்டும் நேரத்துக்குக் கடன் வாங்கி, மேலிருந்து கீழே சடாரென்று ஸ்வரத்தைச் சறுக்கவிட்டு, உடனே பேஸிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அந்தக் கணத்தில் பேஸ் ஒலிக்கவே இல்லை. ஆனால், அது தொடர்ந்து ஓடியதாகவே மூளை நினைத்துக்கொள்ளும். தபேலா பாட்டுக்கும் இதே உத்தி உதவும். டக்காவின் 'கும்ம்' என்று வளையும் சத்தத்தை இந்தச் சறுக்கல் அழகாகப் பிடிக்கும். வலது கை 'தின்' மட்டும் வராது. இரைச்சலில் வைத்தால் தகரத்தைத் தட்டுவது மாதிரி இருக்கும். பலர் அதை விட்டே விடுகிறார்கள், அதுவே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

பாடகர்தான் பெரிய தலைவலி

வரிகள் கிடையாது. வெறும் மெட்டு. இது கேட்கச் சாதாரணமாக இருக்கும், செய்யும்போதுதான் வலிக்கும்.

பாடகர் ஒரே ஸ்வரத்தில் அஞ்சு எழுத்தைப் பாடியிருப்பார். வார்த்தை மாறிக்கொண்டே இருப்பதால் நமக்கு அலுக்காது. அதையே சிப்பில் வைத்தால் 'டி டி டி டி டி'. காலிங் பெல். அதனால் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனித்தனியாகச் சத்தத்தின் வடிவத்தைச் செதுக்க வேண்டும். முதல் எழுத்து அழுத்தி, அடுத்தது தேய்ந்து, மூன்றாவது கொஞ்சம் கீழிருந்து ஏறி வந்து ஒட்டிக்கொண்டு... வல்லினம் வரும் இடத்தில் குட்டியாக ஒரு வெட்டு வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

அப்புறம் கமகம். நம் பாட்டுகளில் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது குறைவு, வழுக்கிக்கொண்டு போவதுதான் அதிகம். சிப்பிலும் வழுக்கலாம். ஆனால், அதற்கு வழவழப்பான சரிவு கிடையாது, படிக்கட்டுதான் உண்டு. கேம்பாயின் பல்ஸ் குரலில் 440 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு படி சுமார் ஒன்றரை ஹெர்ட்ஸ். காதுக்குத் தெரியவே தெரியாது. மேலே போய் 2,000 ஹெர்ட்ஸை எட்டினால் ஒரு படியே 30 ஹெர்ட்ஸ். அந்த உயரத்தில் அடுத்தடுத்த இரண்டு ஸ்வரஸ்தானங்களுக்கு நடுவே நாலு படிதான் இருக்கும். வழுக்குவதற்குப் பதில் மாடிப்படியில் உருண்டு விழுவது போலக் கேட்கும். சும்மா நிற்கிற ஸ்வரம்கூட அங்கே சுருதி விலகலாம். எஸ்.ஜானகி உச்சத்தில் இழைத்த சங்கதியை அதே உயரத்தில் சிப்பில் வைக்கப் பார்த்தால் இதுதான் நடக்கும். வழி என்ன? மொத்தப் பாட்டையும் ஒரு ஸ்தாயி இறக்கிவிட வேண்டும். இல்லையென்றால் சங்கதியை எளிமையாக்க வேண்டும்.

வெளிப்படையாகச் சொன்னால், கமகமே உயிராக இருக்கும் பாட்டுகள் கேம்பாயில் தோற்றுத்தான் போகின்றன. நேர் நேராகப் படி ஏறும் மெட்டுகள், நாட்டுப்புற மெட்டுகள், டான்ஸ் பாட்டுகள், சின்தசைஸர் ஆண்ட 80-களின் பாட்டுகள் எல்லாம் பிரமாதமாக உட்காரும். ஜெர்மனியின் எலெக்ட்ரானிக் குழுவான க்ராஃப்ட்வெர்க்கின் பாட்டுகளைப் பல சிப்டியூன் கலைஞர்கள் சேர்ந்து கவர் செய்து 2007-ல் ஓர் ஆல்பமே போட்டார்கள். அந்தத் தேர்வில் ஆச்சர்யமே இல்லை. மூலப் பாட்டே மெஷின் பாடியதுதானே!

16 கட்டம், ஒரு கட்டை விரல்

சரி, கேம்பாயில் எப்படி எழுதுகிறார்கள்? அதற்கென்று கேட்ரிட்ஜ் சாஃப்ட்வேர் உண்டு. 90-களின் கடைசியில் ஆலிவர் விட்சோ என்ற ஜெர்மன்காரர் 'நானோலூப்' செய்தார். சில வருடங்களிலேயே ஜோஹன் கொட்லின்ஸ்கி என்ற ஸ்வீடன் நாட்டவர் 'லிட்டில் சவுண்ட் டிஜே' கொண்டு வந்தார். சுருக்கமாக எல்எஸ்டிஜே. இன்று கேம்பாய் இசை என்றாலே பெரும்பாலும் அதுதான்.

திறந்தால் பியானோ படமெல்லாம் வராது. மளிகைக்கடை கணக்கு நோட்டு மாதிரி மேலிருந்து கீழாக 16 வரிகள். ஒவ்வொரு வரியிலும் ஒரு ஸ்வரம், ஒரு வாத்திய எண், ஒரு கட்டளை. அந்த 16 வரி சேர்ந்தால் ஒரு 'ஃப்ரேஸ்'. ஃப்ரேஸ்களைக் கோத்தால் 'செயின்'. செயின்களை நாலு குரலுக்கும் அடுக்கினால் பாட்டு. எண்கள் 9-க்குப் பிறகு ஏ, பி, சி என்று போகும், அதற்கு இரண்டு நாளில் பழகிவிடும். கையில் இருப்பதோ நாலு திசை பட்டன், ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட். அவ்வளவுதான் கீபோர்டு.

16 வரி என்பது நாலு நாலாக எண்ணும் பாட்டுக்கு வசதி. நம் பாட்டுகளில் ஆறு எண்ணிக்கையில் ஆடும் தெம்மாங்கு நடை ஏராளம். அதற்கு 12-வது வரி முடிந்ததும் 'தாண்டு' என்று ஒரு கட்டளை வைத்து, மிச்ச நாலு வரியைத் தொடாமல் அடுத்த ஃப்ரேஸுக்குக் குதித்துவிடலாம். மிச்ர நடை வேண்டுமா, 14-ல் குதி. 'க்ரூவ்' என்று இன்னொரு பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு வரியும் எத்தனை 'டிக்' நீளம் என்று அதில் மாற்றலாம். எல்லா வரியும் ஆறு டிக் என்றால் மிலிட்டரி மார்ச். எட்டு, நாலு, எட்டு, நாலு என்று மாற்றினால் அதே மெட்டு இடுப்பை ஆட்ட ஆரம்பிக்கும். புதிதாகச் செய்பவர்கள் இந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. அவர்களின் கவர் ஏன் ரோபோ நடப்பது மாதிரி இருக்கிறது என்று யோசித்தால் பாதி விடை இங்கே கிடைக்கும்.

இவ்வளவு பாடுபட்டு எழுதியது எங்கே சேமிக்கப்படுகிறது? பழைய பாணிக் கேட்ரிட்ஜ் என்றால், உள்ளே இருக்கும் ஒரு வாட்ச் பேட்டரி தயவில். அது தீர்ந்துபோனால் பாட்டும் போச்சு. க்ளவுட் பேக்கப் கிடையாது, ரீசைக்கிள் பின் கிடையாது. அதனால்தான் அனுபவசாலிகள் வாரம் ஒரு முறையாவது சேவ் ஃபைலைக் கம்ப்யூட்டருக்கு எடுத்து வைப்பார்கள். வாங்கும்போதே பேட்டரி தேவைப்படாத ஃப்ளாஷ் வகையா என்றும் விசாரிப்பார்கள்.

ரெக்கார்டிங்குக்கு ஹெட்போன் ஓட்டை போதும். ஆனால், அதில் மெல்லிய ஒரு ரீங்காரம் கூடவே வரும். சத்தத்தைப் பெருக்கும் பகுதிக்குள் போவதற்கு முன்பாகவே ஒலியை ஒயர் வைத்து வெளியே இழுக்கும் 'ப்ரோசவுண்ட்' என்ற சாலிடரிங் வேலையைச் சிலர் செய்கிறார்கள். 1989-ன் அந்தப் பழைய சாம்பல் மாடலுக்குப் பேஸ் கனமாக வரும் என்பதால் மவுசு இன்னும் குறையவில்லை. அது நாலு பென்சில் பேட்டரி சாப்பிடும்.

எது அசல்? காதாலே எண்ணுங்க

இனி ரீல்ஸில் ஒரு '8 பிட் கவர்' வந்தால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு விளையாட்டு விளையாடிப் பாருங்கள். ஒரே கணத்தில் எத்தனை குரல் கேட்கிறது? கார்டு நடுங்காமல் அப்படியே நிலையாக நிற்கிறதா? அதே நேரம் மெட்டு, பேஸ், டிரம்ஸ், இன்னொரு குழல் எல்லாம் தடையில்லாமல் ஓடுகிறதா? அப்படியென்றால் அது கேம்பாயில் பிறந்திருக்க வாய்ப்பில்லை. ஸ்டீரியோவையும் கவனியுங்கள். கேம்பாயில் ஒரு குரல் இடது, வலது அல்லது இரண்டும், அவ்வளவுதான். கொஞ்சம் இடது, முக்கால் வலது என்பதெல்லாம் கிடையாது. புல்லாங்குழல் வரும்போது கார்டு காணாமல் போய், குழல் முடிந்ததும் திரும்பி வந்தால், அங்கே யாரோ ஒருவர் உட்கார்ந்து நாற்காலியைப் பங்கு போட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

சிப் ஓசையைக் கம்ப்யூட்டரில் எல்லையில்லாமல் அடுக்குவதை 'ஃபேக்பிட்' என்று கிண்டலாகச் சொல்வார்கள். அதில் அருமையான இசையும் வருகிறது, அதைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை. ஆனால், அதைச் செய்துவிட்டுக் கேம்பாய் படத்தை தம்ப்நெயிலில் வைப்பது மட்டும் கொஞ்சம் ஓவர்.

அட்டைப்படத்துக்கு 32,500 டாலர்!

கவர் என்றால் பாட்டு வேறொருவருடையது. இங்கே ஒரு நிஜக் கதை சொல்லியாக வேண்டும். ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959-ல் வந்த ஆல்பம். அதன் 50-வது ஆண்டில், ஆண்டி பேயோ என்ற அமெரிக்கர் ஐந்து சிப்டியூன் கலைஞர்களைச் சேர்த்து அதை முழுசாகக் கவர் செய்து 'கைண்ட் ஆஃப் ப்ளூப்' என்று வெளியிட்டார். செலவுக்குக் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டினார். பாட்டுகளுக்கான உரிமத்தையும் முறையாகக் காசு கட்டி வாங்கிவிட்டார். எல்லாம் பக்கா.

அடி வந்தது வேறு பக்கத்திலிருந்து. மூல ஆல்பத்தின் அட்டைப்படத்தைக் கட்டம் கட்டமாகப் பிக்ஸல் ஓவியமாக வரையவைத்து, அதையே தன் ஆல்பத்துக்கு அட்டையாக வைத்திருந்தார். அந்தப் புகைப்படத்தை எடுத்தவர் ஜே மைசெல். அவர் தரப்பு வக்கீல்கள் வந்தார்கள். தான் செய்தது நியாயமான பயன்பாடுதான் என்று பேயோ நம்பினார். ஆனாலும் கோர்ட்டுக்குப் போனால் அதைவிட அதிகம் செலவாகும் என்பதால் 32,500 டாலர் கொடுத்து சமாதானம் ஆனார். இசைக்கு உரிமம் வாங்கிய மனுஷன், படத்தில் மாட்டினார்.

நம்மூர் சட்டத்தில், கவர் வெர்ஷன் பற்றிக் காப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு பேசுகிறது. மூலப்பாட்டு பதிவான வருடம் முடிந்து ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான் அந்தப் பிரிவின்படி கவர் போட முடியும். முன்கூட்டியே தெரிவித்து, வருடத்துக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியும் கட்ட வேண்டும். பதிவுக்குத் தொழில்நுட்ப ரீதியாக அவசியப்படாத மாற்றத்தைப் பாட்டில் செய்யக்கூடாது என்றும் அது சொல்கிறது. நாலு குரலுக்குள் பாட்டை அடக்குவது 'தொழில்நுட்ப அவசியம்' ஆகுமா என்பது வக்கீல்கள் காபி குடித்துக்கொண்டே விவாதிக்க வேண்டிய கேள்வி. பொழுதுபோக்காக ஒரு நிமிட வீடியோ போடும் காலேஜ் பையனுக்கு 50,000 பிரதிக் கணக்கு எந்த விதத்திலும் ஒத்துவராது.

நடைமுறையில் யூடியூப்பில் ஏற்றினால், மெட்டை வைத்தே 'கன்டென்ட் ஐடி' கண்டுபிடிக்கலாம். அப்போது உரிமையாளர் என்ன முடிவெடுக்கிறாரோ அதுதான். வீடியோவை விட்டுவைத்து விளம்பரக் காசைத் தானே எடுத்துக்கொள்ளலாம், அல்லது வீடியோவையே முடக்கலாம். அதனால் கவரை நம்பி வருமானக் கணக்குப் போட வேண்டாம். ஸ்பாட்டிஃபையில் விற்கிற எண்ணம் இருந்தால் முதலில் அனுமதி, அப்புறம்தான் ஆர்பெஜியோ. அட்டைப்படத்தையும் நீங்களே வரைந்துவிடுங்கள்.

போனிலேயே ஆரம்பிக்கலாம்

முதல் நாளே ஜப்பானிலிருந்து பழைய கேம்பாய் வரவழைக்க வேண்டாம். போன் ப்ரவுசரிலேயே ஓடும் 'பீப்பாக்ஸ்' போதும். ஜான் நெஸ்கி என்பவர் செய்தது, இலவசம். அதில் ஒரு வசதி செமையாக இருக்கும். நீங்கள் போடும் பாட்டு மொத்தமும் அந்த லிங்க்குக்குள்ளேயே எழுத்துகளாக அடங்கிவிடும். வாட்ஸ்அப்பில் லிங்க்கைத் தட்டிவிட்டால் நண்பர் அங்கிருந்தே திருத்தி அனுப்பலாம். ஒரு விதி மட்டும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். மூன்று மெட்டுக் குரல், ஒரு தாளக் குரல், அதற்கு மேல் சேர்க்கக் கூடாது. லேப்டாப் இருந்தால் 'ஃபர்னஸ்' என்ற இலவச சாஃப்ட்வேரில் கேம்பாய், ஃபேமிகாம், கமடோர் என்று எந்த சிப்பைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அதன் எல்லைக்குள்ளேயே எழுதலாம். எல்எஸ்டிஜேவை எமுலேட்டரில் ஓட்டிப் பழகிவிட்டு, அப்புறம் மெஷின் வாங்குபவர்களும் உண்டு. டச் ஸ்க்ரீனில் அந்தப் பட்டன்களை அழுத்துவது மட்டும் கொடுமை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதல் பாட்டுக்குப் பல்லவி மட்டும் போதும். பேஸிலிருந்து ஆரம்பியுங்கள். மெட்டுதான் எல்லோருக்கும் தெரியுமே, அது எங்கேயும் ஓடிப்போகாது. பேஸும் தாளமும் சேர்ந்து தலையாட்ட வைத்த பிறகு மெட்டை ஏற்றுங்கள். நாலாவது குரலைக் கடைசி வரை காலியாகவே வைத்திருந்து, 'இங்கே என்னமோ குறையுதே' என்று தோன்றும் இடங்களில் மட்டும் நிரப்புங்கள்.

முடித்ததும் பாட்டுப் பேரைச் சொல்லாமல் அம்மாவிடம் போட்டுக் காட்டுங்கள். சமைத்துக்கொண்டே இரண்டாவது வரியிலாவது அவர் வார்த்தைகளைச் சேர்த்துப் பாட ஆரம்பித்தால் சரணத்துக்குப் போகலாம். 'என்னடா இது, போன் அடிக்குதா?' என்று கேட்டால், அந்த காலிங் பெல் இடத்தைத் திரும்பத் திறந்து பாருங்கள்.